காணாமல் போன மூன்று ஓட்டுகள்

திருமூர்த்தி: டெபாசிட்டு போச்சு. அதானே? அதச் சொல்றதுக்கு ஏங்கண்ணு மூஞ்சிய இப்பிடி வெச்சுட்டிருக்கற?

மோகன்குமார்: டெபாசிட் போகும்னு நீங்க எலெக்சன்ல நின்ன அன்னைக்கே தெரியுமுங்கப்பா. அது இல்ல...

சின்னாத்தாள்: அவன மொதல்ல காப்பியக் குடிக்க உடுங்க. ஈரோட்டுல இருந்து வெயில்ல வந்திருக்கறான். குடி கண்ணு. குடிச்சுப்போட்டு, அப்பாவுக்கு எத்தன ஓட்டுன்னு சொல்லு.

மோகன்குமார்: சக்கரை எச்சாப் போட்டுட்டீங்கம்மா.

சின்னாத்தாள்: நாயத்த மாத்தாத. கேட்டதுக்குப் பதில் சொல்லு.

மோகன்குமார்: நின்னது ஆயிரத்துச் சொச்சம் பேருங்கம்மா. ஒவ்வொரு பேரா மைக்குல படிக்கறாங்க. படிக்கறவருக்குத் தொண்டை கட்டிப்போச்சு. வேற ஒருத்தரு வந்து படிச்சாரு, அவருக்கும் கட்டிப்போச்சு. 'த' வரிசை வாரதுக்குள்ள பாதிப்பேரு எந்திரிச்சு சாப்படப் போயிட்டாங்க.

திருமூர்த்தி: நீ போகல?

மோகன்குமார்: இல்லீங்க. வெளிய வேப்பமரத்தடியில நின்னுட்டே இருந்தேன். உள்ள உட மாட்டேங்கறாங்க. ஆளுக்கொரு ஏஜெண்டுன்னு உட்டாக்கூட அதுக்கே கல்யாண மண்டபம் புடிக்கோணும்.

சின்னாத்தாள்: அப்பறம்?

மோகன்குமார்: திருமூர்த்தின்னு மொதப் பேரு வந்துச்சு. ஏழு ஓட்டுன்னாங்க. பக்கத்துல நின்னவரு கையப் புடிச்சுக் குலுக்கிப்போட்டேன். அப்பறம் ஊரு பேரப் படிச்சாங்க. அது வேற திருமூர்த்தி.

திருமூர்த்தி: எங்கூட மனுத் தாக்கல் பண்ண அன்னைக்கு வரிசையில நாலு திருமூர்த்தி நின்னாங்க. 'திருமூர்த்தி, வாங்க'ன்னு ஆபீசரு கூப்புட்டாரு. அத்தன பேரும் முன்னால போனோம்.

மோகன்குமார்: ரெண்டாவது திருமூர்த்திக்கு மூணு ஓட்டு.

சின்னாத்தாள்: அது நம்முளுது! நான், அப்பா, நீ. மூணு! கணக்கு சரியா இருக்குதில்ல?

மோகன்குமார்: அதுவும் நம்முளுது இல்லீங்கம்மா. நம்முளுது அதுக்கு அடுத்தது.

திருமூர்த்தி: அட, சொல்லு கண்ணு.

மோகன்குமார்: சைபருங்க.

சின்னாத்தாள்: சைபர்னா?

மோகன்குமார்: முட்டைங்கம்மா. ஒண்ணுமே இல்ல.

திருமூர்த்தி: ம்ம்... சரி.

சின்னாத்தாள்: சரியா? என்னத்துக்குச் சரிங்கறீங்க? அதெப்பிடி ஒண்ணுமே இல்லாமப் போகும்? ஊரு போடல, ஒறம்பரை சொந்தமும் போடல, போச்சாது, போகட்டும். நாங்க போட்டது எங்க போச்சு? எலி தின்னுபோடுச்சா?

திருமூர்த்தி: எலெக்சன்ல ஜெயிக்கறதுக்கா நின்னோம்? வாய்க்காத் தண்ணிக்கு வழி கேட்டு மெட்ராஸ் வரைக்கும் போய்ப் பாத்தாச்சு, மறியல் பண்ணிப் பாத்தாச்சு. ஒருத்தனும் காதுல வாங்கல. ஆயிரம் பேரு நின்னோம், திரும்பிப் பாத்தாங்க. சோலி முடிஞ்சுது. அதுல முட்டையென்ன, மூணென்ன?

மோகன்குமார்: அதுக்கில்லீங்கப்பா. சைபர்ங்கறது சும்மா ஒரு நம்பர் இல்ல. ப்ரோகிராமுக்குள்ள மூணு போட்டு, வெளிய சைபர் வந்தா எங்கியோ பக்னு அர்த்தம்.

சின்னாத்தாள்: என்னது?

மோகன்குமார்: பக். தப்பு. எழுதுனவன் பண்ணுன தப்பு. ஒவ்வொரு படியாப் போய்ப் பாத்தா எந்த எடத்துல முழுங்குதுன்னு தெரிஞ்சுபோகும். நான் மில்லுல கம்ப்யூட்டரு முன்னால உக்காந்து பொழுதன்னைக்கும் பண்றது அதைத்தானுங்க.

திருமூர்த்தி: அதுக்கா மாசாமாசம் சம்பளம் குடுக்கறாங்க?

மோகன்குமார்: சிரிங்க, சிரிங்க. மெசினு இருந்திருந்தா இந்த வம்பே இல்ல. பட்டன் வெச்ச ஓட்டு மெசினு நம்ம நாட்டுல எப்பவோ செஞ்சாச்சு. ஒரு அமுக்கு, ஒரு கூட்டல். முடிஞ்சுது. நாம என்னடான்னா, கல்யாண ஆல்பமாட்டம் ஒரு சீட்டைக் குடுத்து, அதைப் பிரிச்சு, தேடி, குத்தி, மடிச்சு...

சின்னாத்தாள்: கரண்டு போச்சுன்னா?

மோகன்குமார்: பேட்டரிங்கம்மா.

திருமூர்த்தி: ஆயிரம் பட்டன் வெக்க முடியுமா கண்ணு?

மோகன்குமார்: அது... முடியாதுங்க. ஆயிரம் பேரு நிப்பாங்கன்னு எந்த இஞ்சினியரும் நெனச்சிருக்க மாட்டான்.

திருமூர்த்தி: அதுக்குத்தான் நின்னோம்.

மோகன்குமார்: அது புரியுதுங்க. நான் ஆபீசுல கூட அதைத்தான் சொன்னேன். ஒரே நேரத்துல எல்லாரும் எண்டர் தட்டுனா கம்ப்யூட்டரு தெணறி நின்னுபோகும். எங்கப்பாவும் அவுரு கூட்டாளிகளும் ஒரு தொகுதியவே அப்பிடி நிறுத்திப்போட்டாங்கன்னு. நாடு பூராத் தேர்தல் முடிஞ்சு, டெல்லியில ஒரு கவர்மெண்டு வந்து அதுவும் கவுந்து, மெட்ராஸ்ல புது மந்திரிங்க உக்காந்து... அப்பறந்தான் நம்ம தொகுதிக்கு ஓட்டுப் பொட்டியே வந்துச்சு.

திருமூர்த்தி: ஆபீசுல சொன்னியா? எங்கிட்டச் சொன்னது வேறயாச்சே.

மோகன்குமார்: அது...

திருமூர்த்தி: 'படிச்சவன் எவனாச்சும் சிரிக்காம இருப்பானா'ன்னு கேட்ட. இந்தக் கட்டில்ல உக்காந்துட்டுத்தான்.

சின்னாத்தாள்: பழசை எடுக்காதீங்க. பையன் வெயில்ல வந்திருக்கறான். நீ சொல்லு கண்ணு, தப்பு எங்க நடந்திருக்கும்?

மோகன்குமார்: செல்லாத ஓட்டா போயிருக்கலாமுங்க. மை காயறதுக்குள்ள மடிச்சா எதிர்ப் பக்கத்துலயும் ஒட்டிக்கும். எதிர்ப் பக்கத்துல வேற ஆளு பேரு இருக்குமில்ல? ரெண்டு பேருக்குக் குத்துன மாதிரி தெரியும்.

திருமூர்த்தி: அப்பிடித் தள்ளிப்போட்டா அத்தன பேரு ஓட்டும் போயிருமே.

மோகன்குமார்: தள்ள மாட்டாங்க. அந்த முத்திரையப் பாத்தீங்களா? கூட்டல் குறிக்கு நாலு பக்கமும் வாலு வளஞ்சிருக்கும். மடிச்சு ஒட்டுன தடம் கண்ணாடியில தெரியற மாதிரி, வாலு எதிர்ப்பக்கமா வளஞ்சிருக்கும். அத வெச்சு எது குத்துனது, எது ஒட்டுனதுன்னு சொல்லிப்போடலாம். எவனோ நல்ல மண்டையன்தான் அத யோசிச்சிருக்கறான்.

சின்னாத்தாள்: அப்ப மடிப்புல தப்பு இல்ல?

மோகன்குமார்: இல்ல. அடுத்த படி, எங்க குத்துனீங்கன்னு பாக்கோணும். நீங்க எந்தப் பக்கத்துல குத்துனீங்கம்மா?

சின்னாத்தாள்: நானா?

மோகன்குமார்: நான் உங்களுக்குச் சொல்லிக் குடுத்தேனுங்களே. மொதல்ல இருந்து தேடாதீங்க, நடுவுல பிரிங்க. வந்த பேரு 'த'வுக்கு முன்னயா பின்னயான்னு பாருங்க. வேண்டாத பாதிய உட்டுட்டு, மிச்சத்தையும் நடுவுல பிரிங்க. பத்துத் தடவைக்குள்ள ஆயிரம் பேருல ஒருத்தரப் புடிச்சரலாம். அப்பிடித்தான தேடுனீங்க?

சின்னாத்தாள்: ஆமா... பிரிச்சேன்.

மோகன்குமார்: அப்பா பேரு எந்த எடத்துல இருந்துச்சு?

சின்னாத்தாள்: மேலால. பிரிச்ச ஒடனே மேலாலயே இருந்துச்சு. மொதத் தாளுல.

மோகன்குமார்: மொதத் தாளுலயா?

சின்னாத்தாள்: ஆமா.

மோகன்குமார்: அம்மா... மொதத் தாளுல 'அ', 'ஆ'தானுங்க வரும். 'தி' எப்பிடி அங்க வரும்?

சின்னாத்தாள்: எனக்கென்ன தெரியும்? கண்ணாடி போடாமப் போயிட்டேன்.

திருமூர்த்தி: கண்ணாடி போட்டிருந்த புள்ள. நான்தான எடுத்துக் குடுத்தேன்.

சின்னாத்தாள்: நீங்க சும்மா இருங்க!

மோகன்குமார்: அம்மா, யாருக்குப் போட்டீங்க? கோவிச்சுக்க மாட்டோம். சொல்லுங்க.

சின்னாத்தாள்: தேடுனேன் கண்ணு. சத்தியமாத் தேடுனேன். நீ சொன்ன மாதிரி நடுவுல பிரிச்சேன், பழனிசாமியா வந்துச்சு. பழனிசாமி, பழனிசாமி, பழனிசாமி... ஒரு தாளு பூராப் பழனிசாமி. முன்னால தள்ளுனா சுப்பிரமணி. பின்னால வரிசையில பூவாத்தாக்கா, 'ஏண்டீ சின்னாத்தா, உள்ளயே குடித்தனம் வெச்சுட்டயா'ங்கறா. அவசரத்துல மொதத் தாளுக்கே திருப்பிப்போட்டேன். அந்நேரம் பாத்து எப்பவும் போடற சின்னம் கண்ணுல பட்டுச்சு. கண்ணாலமாகி வந்ததுல இருந்து போடறது. கை பழகிப்போச்சு... குத்திப்போட்டேன்.

திருமூர்த்தி: ஹஹ்ஹஹ்ஹா...

சின்னாத்தாள்: சிரிக்காதீங்க! ரெண்டு நாளா எனக்குச் சோறு எறங்கல. ஊட்டுக்காரரு நிக்கறாரு, நான் போய் வேற எவனுக்கோ...

திருமூர்த்தி: போச்சாது உடு. இதுக்கா வெசனப்பட்ட? கேட்டிருந்தா நானே அதுக்குப் போடுன்னு சொல்லியிருப்பேன்.

மோகன்குமார்: சரி, ஒரு பக் கெடச்சுது. மிச்சம் ரெண்டு ஓட்டு.

சின்னாத்தாள்: ஆமா, உன்றது எங்க போச்சு?

மோகன்குமார்: அதான் நானும் கேக்கறேன். மொதப் பஸ்சுல வந்து, 'த'வை நேராப் பிரிச்சு, அப்பா பேருமேல நச்சுனு குத்திட்டு, அப்பிடியே கோயமுத்தூர் பஸ் ஏறிட்டேன். ஊட்டுக்குக்கூட வரல.

சின்னாத்தாள்: அத்தன தூரம் வந்துட்டு ஒரு வாய்த் தண்ணி குடிக்காமப் போனியேன்னு எனக்குப் பொக்குனு போச்சு.

மோகன்குமார்: மில்லுல வேலைங்கம்மா. இதோ பாருங்க, மை அப்பிடியே இருக்குது.

சின்னாத்தாள்: எத்தன தேச்சாலும் போக மாட்டேங்குது. எனக்குந்தான். வேப்பெண்ணெ போட்டுக்கூடத் தேச்சுப்போட்டேன்.

மோகன்குமார்: போகாதுங்க. அது வெறும் சாயம் இல்ல. சில்வர் நைட்ரேட்னு ஒரு வெள்ளி உப்பு. தோலுல இருக்கற உப்போட சேந்து, வெளிச்சம் பட்டதும் கறுத்துப்போகும். போட்டோ பிலிம்மு கறுக்கறதும் அதே சங்கதிதான். தோலு உரிஞ்சாத்தான் போகும். நகத்துல பட்டதுன்னா, நகம் வளந்து வெட்டி எறியற வரைக்கும் இருக்கும்.

சின்னாத்தாள்: ஓ... அதுனாலதான் நகத்துல சேத்து இழுக்கறாங்களா?

மோகன்குமார்: ஆமாங்க. நகமும் சதையும் சேர்ற எடத்துல.

சின்னாத்தாள்: ஏனுங்க, உங்க வெரலக் காட்டுங்க. இதோ, நகத்துல ஏறியிருக்குது. எனக்கும் ஏறியிருக்குது. கண்ணு, உன்றதக் காட்டு.

மோகன்குமார்: காட்டுனேனுங்களே.

சின்னாத்தாள்: கிட்டக் காட்டு. இதென்ன, நகத்துல ஒண்ணையுங் காணோம்? சதையில மட்டும் பொட்டு வெச்சாப்புல இருக்குது?

மோகன்குமார்: அந்த ஆபீசரு... சரியா வெக்கல போலிருக்குது.

சின்னாத்தாள்: நம்ம பூத்துல மை வெச்சது நம்ம பள்ளிக்கூடத்து டீச்சரம்மா. ரம்ஜான் பீவி டீச்சரு. ஆபீசருங்கற?

திருமூர்த்தி: உடு சின்னாத்தா.

சின்னாத்தாள்: எப்பிடி உடறது? என்னைய மட்டும் போலீஸ்காரனாட்டம் நோண்டி நோண்டிக் கேட்டானே? சொல்லு கண்ணு, அன்னைக்கு வந்தயா, வல்லியா?

மோகன்குமார்: வரலீங்க.

சின்னாத்தாள்: அட சாமி!

மோகன்குமார்: காலேஜ் லேப்ல ஒரு சிநேகிதன் இருக்கறான். அவங்கிட்ட அந்த வெள்ளி உப்புத் தண்ணி ரெண்டு சொட்டு வாங்கி வெரல்ல வெச்சுக்கிட்டேன். நகத்துல வெக்கோணும்னு தோணல.

திருமூர்த்தி: அன்னைக்கு எங்க இருந்த?

மோகன்குமார்: மில்லுலதானுங்க. சம்பளப் ப்ரோகிராமு நடுராத்திரியே நின்னுபோச்சு. விடிஞ்சா எல்லாருக்கும் சம்பளம். பேரு வரிசைல ஒரே ஒரு எடத்துல நான் ஒரு வரிய மாத்தி எழுதியிருந்தேன். என்னாலதான் நின்னுச்சு. உட்டுட்டு வர முடியல. சரி பண்ணி நிமுந்து பாத்தா ஓட்டு முடிஞ்சுபோச்சு.

திருமூர்த்தி: இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. சோலின்னா சோலிதான.

மோகன்குமார்: எப்பிடிச் சொல்றதுங்க? நீங்க நிக்கும்போதே கேலி பேசுனேன். வரலீன்னா, வேணும்னேதான் வரலீன்னு நெனப்பீங்க. அதுதான்...

திருமூர்த்தி: ம்ம்.

மோகன்குமார்: நெசமாலுமே சொல்றேனுங்க. இன்னைக்கு அந்த மரத்தடியில நிக்கறப்ப ஒரு வடக்கத்திக்காரரு, பத்திரிகைக்காரரு, எங்கிட்ட வந்து இங்கிலீசுல கேட்டாரு. எதுக்கு இத்தன பேரு நின்னாங்கன்னு. நான் சொன்னேன். கடைமடைக்குத் தண்ணி வாரதில்ல, மஞ்சக் காஞ்சுபோகுது, மனு மனுவாக் குடுத்தும் ஒண்ணும் நடக்கல, அதுக்குன்னு. அவரு நின்னு எழுதிக்கிட்டாரு. எங்கப்பாவும் நின்னாருன்னு சொன்னேன். சொல்றப்ப எனக்கு வெக்கமா இல்லீங்க.

திருமூர்த்தி: சரி, சரி. காப்பிய முடி. ஆறிப்போச்சு.

சின்னாத்தாள்: அப்ப நான் இல்ல, இவன் இல்ல. ஒண்ணு மிச்சம்.

மோகன்குமார்: ஆமா! அப்பா, உங்க ஓட்டு?

திருமூர்த்தி: மூணு பேஸ் கரண்டு வந்திருச்சாட்டம் இருக்குது. மோட்டாரு போட்டுட்டு வாரேன்.

மோகன்குமார்: இன்னும் வரலீங்க, லைட்டைப் பாருங்க. நீங்க ஓட்டுப் போட்டீங்களா இல்லீங்களா?

திருமூர்த்தி: போட்டேனே. நகத்துல மை இருக்குது, உங்கம்மாவே பாத்தாளே.

மோகன்குமார்: அப்ப உங்க ஓட்டு ஒண்ணாவது வந்திருக்கோணும். வரலீன்னா எண்ணுனதுல தப்பு. நான் கம்ப்யூட்டரு தப்புப் பண்ணாதுன்னு சொல்ற ஆளு இல்லீங்க. அதுல வேல செய்யாதவங்கதான் அப்பிடிச் சொல்லுவாங்க. ஆனா அங்க தப்பு நடந்தா தடம் இருக்கும். இங்க கட்டுக் கட்டாக் காயிதம். ஒரு கட்டு அடுத்த மேசைக்குப் போயிருந்தா யாரு கேப்பாங்க? நான் கேக்கறேன். நாளைக்குக் கலெக்டர் ஆபீசுல மனுக் குடுக்கறேன்.

திருமூர்த்தி: வேண்டாங்கண்ணு.

மோகன்குமார்: ஏனுங்க வேண்டாம்? வேட்பாளரு தனக்கே போட்ட ஓட்டைக் காணோம்னா அது சின்ன விசயமா? அந்தப் பத்திரிகைக்காரரு கார்டு குடுத்திருக்கறாரு. அவருக்கும் சொல்லப்போறேன்.

திருமூர்த்தி: வேண்டாம்னு சொல்றேன்ல? எண்ணுன புள்ளைங்க மேல பழி வரும். அவுங்களும் ராவும் பகலுமா உக்காந்து எண்ணியிருக்கறாங்க.

மோகன்குமார்: அதுமட்டும் இல்லீங்க. இன்னொரு எடத்துலயும் இடிக்குது. உங்களுக்கு வர வேண்டியது வரல. ஓட்டு உழ வழியே இல்லாத ஆளுக்கு ஒண்ணு வந்திருக்குது.

சின்னாத்தாள்: யாருக்கு?

மோகன்குமார்: நம்ம தோட்டத்துக்கு மேலால இருக்கற... சீனிவாசலு மாமாவுக்கு. அவரும் நின்னாருல்ல.

சின்னாத்தாள்: அந்தாளு பேர இந்த ஊட்டுல எடுக்காத! நம்ம தண்ணி மொறையில மடைய அடச்சுப்போட்டு, நம்ம மஞ்சக் காட்டக் கருக்குனவன். அவனுக்கு ஓட்டு ஒரு கேடா?

மோகன்குமார்: அதத்தானுங்கம்மா நானும் சொல்றேன். ஊருல அவருக்குப் போட யாரு இருக்கறாங்க? அவரும் ராமாமணி அத்தையும் ஓட்டன்னைக்குக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில இருந்தாங்க. நெஞ்சுல ஆப்பரேசன். புள்ளையக் கட்டிக் குடுத்தது மதுக்கரையில, அதுக்கு இங்க ஓட்டே இல்ல.

சின்னாத்தாள்: இதெல்லாம் உனக்கெப்பிடித் தெரியும்?

மோகன்குமார்: நான் போய்ப் பாத்தேன்.

சின்னாத்தாள்: போய்ப் பாத்தியா!

மோகன்குமார்: மில்லுக்குப் பக்கத்துலதானுங்க ஆஸ்பத்திரி. மனசு கேக்கல. உங்களுக்குத் தெரிஞ்சா திட்டுவீங்கன்னு சொல்லல. ரிசல்ட் வந்தாப் போன் பண்ணுன்னு சொல்லியிருந்தாரு. ஈரோட்டுல எஸ்.டி.டி. பூத்துல இருந்து போட்டேன்.

திருமூர்த்தி: போட்டியா? என்ன சொன்னான்?

மோகன்குமார்: அத்தைதான் எடுத்தாங்க. ஒரு ஓட்டுன்னு சொன்னேன். அவருகிட்டச் சொன்னாங்க. அப்பறம் அவரே வாங்கிப் பேசுனாரு. 'யாரு போட்டது, மோகனு? நம்மூருல எனக்குன்னு யாரு போட்டது?' இதையே திருப்பித் திருப்பிக் கேக்கறாரு. அழுகறாரா சிரிக்கறாரான்னு தெரியல. நர்சம்மா வந்து போனப் புடுங்கி வெச்சுட்டாங்க.

திருமூர்த்தி: பேச்சு நல்லா வருதா?

மோகன்குமார்: வருதுங்க. வாரக் கடைசியில உட்டுருவாங்களாம். ஆனா அதுவா இப்ப முக்கியம்? உங்க ஓட்டு அவரு கணக்குல போயிருக்குதுங்க. கட்டு மாறிப்போச்சு. நான் மனுவுல அதையும் சேத்துத்தான் எழுதப்போறேன்.

சின்னாத்தாள்: எழுது கண்ணு. தண்ணியத்தான் எடுத்துக்கிட்டான், ஓட்டையுமா?

திருமூர்த்தி: எழுதாத.

மோகன்குமார்: அப்பா...

திருமூர்த்தி: கட்டும் மாறல, எண்ணுனதுலயும் தப்பில்ல கண்ணு. ஓட்டுப் போடற தட்டிக்குள்ள நிக்கறப்ப 'த'வைத்தான் தேடுனேன். 'சீ' வந்துச்சு, அவன் பேரு. எனக்கு முட்டை உழுந்தா நான் மம்பட்டியத் தூக்கிட்டுத் தோட்டத்துக்குப் போயிருவேன். நெஞ்சப் பொளந்து போட்டிருக்கறாங்கன்னு ஊருல பேசிக்கிட்டாங்க, அவன் மோட்டுவளையப் பாத்துட்டே படுத்திருப்பான்னு தோணுச்சு... குத்திப்போட்டேன். சின்னாத்தா, நீ அப்பறமாத் திட்டு. மோகனு, நீ மறுக்காப் போன் பண்ணுனா யாரு போட்டதுன்னு மட்டும் அவங்கிட்டச் சொல்லிப்போடாத. தெரிஞ்சுதுன்னா ஊட்டுக்கு வந்த அன்னைக்கே மடையத் தொறந்து உட்டுப்போடுவான். ஓட்டக் குடுத்துத் தண்ணி வாங்குன மாதிரி ஆயிரும்.